பெரம்பூர் என்று சொல்ல

பேசின் பிரிட்ஜில் பிரேக் போட்டது டிரைவர் தப்பில்லை.
குறுக்கே வந்தது ஒரு மீன்பாடி வண்டி.
படிக்கட்டுக் கம்பி பொட்டில் மோதி
காதிலிருந்து ரத்தம் காலருக்கு இறங்கியபோதும்
சில்லறைப் பையை இறுக்கிப் பிடித்திருந்தேனாம்.

விழித்தபோது ரூபாவதி என்னைப் பார்த்துத்
தலையைத் திருப்பிக்கொண்டாள்.
டீ கொடுத்தார்கள்.
பாதி உள்ளே, பாதி தாடை வழி.
இடது கண் மூட மறுத்தது.
இரவெல்லாம் மின்விசிறியைப் பார்த்தபடி அது விழித்திருக்க
வலது கண் மட்டும் தூங்கியது.
அப்புறம் ஒரு நர்ஸ் வந்து
களிம்பு போட்டு, பிளாஸ்திரி ஒட்டி மூடினாள்,
கடைக்கு ஷட்டர் இழுப்பதுபோல.

"எந்த டெப்போ?" என்றார் டாக்டர் ஹெப்சிபா.
ஹெரங்ஹூர், என்றேன்.
பதினோரு வருஷமாகக் கூவி விற்ற பெயருக்கு
இரண்டு உதடும் முழுசாக வேண்டுமென்று
அன்றுதான் தெரிந்தது.

ஊசி குத்திக் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள்.
தொண்ணூறு பங்குக்குப் பதிலே இல்லை.
படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்:
காதெலும்புக்குள் ஒரு குகைவழி,
அதில் முகத்துக்குப் போகும் நரம்பு,
உடைந்த சில்லு ஒன்று குத்தி, வீங்கி, நெரிசல்.
எனக்குத் தெரிந்தது மழைநாளின் கணேசபுரம் சுரங்கப்பாதை.
வண்டி கெட்டுப்போகவில்லை.
கூரை இடிக்கிறது, தண்ணீர் ஏறுகிறது, நகர இடமில்லை.

காதுக்குப் பின்னே துளைத்தார்கள்.
நான்கு மணி நேரம்.
சில்லை எடுத்து, கூரையைத் தேய்த்துத் திறந்து
நரம்பின் உறையைக் கீறி விட்டார்களாம்.
நினைவு வந்ததும் கண்ணாடி கேட்டேன்.
அதே முகம்.
"நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், கன்னியப்பன்."
எங்கள் டெப்போவிலேயே
இவ்வளவு மெதுவான சர்வீஸ் கிடையாது.

ஐந்து மாதம்
ஓட்டேரி வீட்டுக் கண்ணாடியில்
ஊ, ஈ, ஊ, ஈ.
விசில் ஊதினால் ஓரத்தில் காற்று கசியும்.
பையன் சிரிப்பான். நானும் சிரிப்பேன், பாதி.
தை பிறந்து நாலாம் நாள்
மூக்கோரம் ஒரு துடிப்பு.
ஈ உட்கார்ந்ததென்று தட்டிவிட்டேன்.
மறுபடி துடித்தது.

இப்போது டியூட்டியில் இருக்கிறேன்.
விசில் கடைசி சீட்டுவரை கேட்கிறது.
ஆனால் வளர்ந்த இழைகளில் சில
ரூட் மாறிப் போய்விட்டதில்
உதடு குவியும்போதெல்லாம் இடது கண் மூடிக்கொள்கிறது.
போன வாரம் டவுட்டனில் ஏறிய அம்மாள்
"யாரைப் பார்த்துய்யா கண்ணடிக்கிற?" என்று
கைப்பையை ஓங்கினாள்.
வண்டியே திரும்பிப் பார்த்தது.
காதுக்குப் பின்னால் தழும்பைக் காட்டலாம் என்று
தலையைச் சாய்ப்பதற்குள் நிறுத்தம் வந்துவிட்டது.
இரண்டு உதடும் சேர்த்துச் சொன்னேன்:
பெரம்பூர், பெரம்பூர்.
இறங்கியும் அவள் முறைத்துக்கொண்டு நின்றாள்.
வண்டி கிளம்ப வேண்டும்.
விசிலை வாயில் வைத்தேன்.