மேல்விஷாரத்துப் பனி

அந்தச் சீசாவில் இருப்பது பதினெட்டு மில்லி.
விலை, என் ஒன்றரை நாள் கூலி.
கிளாட்சன் அதை வெளிச்சத்தில் பிடித்து ஆட்டி
"ஒரே ஒரு பூச்சு, முகம் தானா வந்துடும்" என்றான்.

வந்தது. பார்த்தேன்.
மிளகளவு முகத்தில்
கண்குழி, கன்னப் பள்ளம், பல்லிடுக்கு என்று
இருட்டு இடம் தேடிப்போய் உட்கார்ந்தது.
வெறும் பிளாஸ்டிக்காய் இருந்தவன் கோபக்காரன் ஆனான்.

என்னிடம் இருபத்துமூன்று பேர்,
மூன்று மாதத் தவணையில் வாங்கிய படை.
ஒருவனுக்கும் கோபமே வரவில்லை.

ஷூ கம்பெனியில் எனக்கு ஃபினிஷிங்,
தோலின் வெட்டுவாயில் மை தடவுகிற மேசை.
சாயங்காலம் டப்பா அடியில் மிஞ்சும் பழுப்பைக்
கழுவிக் கொட்டிவிடுவார்கள்.
சூப்பர்வைசர் ரஹ்மத்துல்லா என்னைப் பார்த்தார்,
கையிலிருந்த காலிக் கண்மருந்துக் குப்பியைப் பார்த்தார்.
"ஷாகிரா, கண்ணுல உட்டுக்காதே" என்றார்.
அவ்வளவுதான்.

மை இரண்டு சொட்டு, தண்ணீர் பதினைந்து,
ஃபெவிகால் தீக்குச்சித் தலையளவு,
பாத்திரம் கழுவும் சோப்பு ஊசிமுனையில் தொட்டு.
சோப்பு இல்லையென்றால்
உள்ளே இடமிருந்தும் படியிலேயே தொங்குகிற ஆட்களைப் போல
மை மேட்டிலேயே நிற்கும், பள்ளத்துக்குள் போகாது.
கூடிப்போனால் நுரை.
நுரை உடைந்த இடமெல்லாம் தழும்பு.
முதல் நாலு பேருக்கு அம்மை.

ஐந்தாமவனுக்கு டீ.
சர்க்கரை போட்ட டீ என்று எறும்பு வந்த பிறகுதான் தெரிந்தது.
ஆறாமவனுக்குக் கண்மையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்தேன்.
இன்றுவரை காயவில்லை அவன்.

ஏழிலிருந்து கை படிந்தது.
பதினோரு மணிக்கு மேல், அண்ணி துணி தேய்த்து முடித்த மேசையில்,
மின்விசிறி போட்டால் தூசு, நிறுத்தினால் வியர்வை,
இரண்டுக்கும் நடுவில்
எல்லோரையும் பூசி முடித்துப் படுத்தேன்.

காலையில்
படை முழுக்கத் தோளிலும் தொப்பியிலும் வெள்ளை.

எனக்குத் தெரிந்த வெள்ளைதான்.
வாளி விளிம்பில், குழாய் மூக்கில்,
உலர்ந்த எவர்சில்வர் தட்டில் இருக்கிற அதே வெள்ளை.
பருப்பை வேகவிடாத எங்கள் போர் தண்ணீர்,
இத்தனை வருஷம் தோல் ஊறிய ஊரின் அடியிலிருந்து
ஏறிவந்து என் ஆட்கள் மேல் பூத்திருந்தது.
கேன் தண்ணீர் குடிப்பதற்கு.
படைக்குக் கொடுக்க மனம் வரவில்லை, அதன் பலன்.

அழித்துப் பூச நேரமில்லை.
டிபன் டப்பாவில் பஞ்சு வைத்து அடுக்கிச்
சத்துவாச்சாரி மாடிக்கடைக்கு,
ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் போனேன்.

கிளாட்சன் குனிந்தான்.
கண்ணாடியைக் கழற்றினான், துடைத்தான், மாட்டினான்.
"பனி" என்றான்.

வேலூரில் அன்று நூற்றியெட்டு டிகிரி.
படத்தில் தவிர
நாங்கள் இருவருமே பனி பார்த்ததில்லை.
"எந்த பிராண்டு?"
வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம்.
"குழாத் தண்ணி" என்றேன்.
சிரித்தான், நம்பவில்லை.
ஆட்டத்தில் தோற்றேன்.
என் பகடைக்கு ஒன்றைத் தவிர வேறு எண் தெரியாது, அது தனிக்கதை.

புதன் ராத்திரி போன்.
"பாகாயத்துல எங்களுக்குக் காவிரி.
மூணு தடவ பூசிட்டேன், ஒண்ணுமே பூக்கல."

வந்துவிட்டான், அடுத்த ஞாயிறு, ஸ்கூட்டரில்.
வாசலில் கேன் வண்டி நின்ற நேரம்.
தெருவே காலிக் கேனோடு வரிசையில்.
அவர்களையெல்லாம் தாண்டி உள்ளே வந்து
எங்கள் குழாயடியில்
இரண்டு லிட்டர் பாட்டிலைப் பிடித்தான்.

கேன்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார்.
"தம்பி, அது குடிக்க ஆவாது."
"தெரியும்ணே" என்று
ஒரு சொட்டும் சிந்தாமல் மூடியை இறுக்கினான்.