ஒன்பது நாள் மூத்தவள்

ஹகோதாதே நகராட்சி அலுவலகம்,
மூன்றாம் எண் சாளரம்.
தத்தெடுப்பவர் மூத்தவராக இருக்க வேண்டும்,
ஒரு நாளாவது, என்றார் எழுத்தர்.
மிஸுவே என்னைவிட ஒன்பது நாள் மூத்தவள்.
போதும்.
நாற்பத்து மூன்றாவது வயதில்
எனக்கு அம்மா ஆனாள்.

வேறு வழியே இல்லையா என்று கேட்பவர்கள்
அந்தப் பிப்ரவரியில் என்னோடு
ஆஸ்பத்திரி நடையில் நின்றிருக்க வேண்டும்.
கதவுக்கு அந்தப் பக்கம்
அவள் வயிற்றைத் திறந்துகொண்டிருந்தார்கள்.
நீங்கள் அவருக்கு என்ன உறவு?
பத்தொன்பது வருடம் ஒரே வாணலி
என்பதற்கு உறவுமுறையில் பெயர் இல்லை.
தோழி என்றேன்.
தோழிகள் நாளை மாலை வரலாம்,
பூ மட்டும் வேண்டாம் என்றாள் நர்ஸ்,
அவ்வளவு பணிவாக.
இந்த ஊரில் கதவுகள்
சத்தமில்லாமல்தான் சாத்திக்கொள்ளும்.

நான் டிராம் ஓட்டுகிறேன்.
தண்டவாளத்தில் பனி விழும் மாதங்களில்
ஒவ்வொரு சிக்னலையும் விரல் நீட்டிக் காட்டி
வாய்விட்டுச் சொல்ல வேண்டும்:
முன்னே பச்சை. எதிரே யாருமில்லை.
நீட்டுகிற விரலில் வெள்ளைக் கையுறை.
கையுறைக்குள் பத்து நகமும் நீலம்.
ஞாயிறு இரவுகளில் மிஸுவே பூசிவிடுவாள்,
நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு.
விதிப்புத்தகத்தில் நகத்துக்கு ஒரு வரி உண்டு,
கையுறைக்கு ஒரு வரி.
இரண்டாவது வரியில்தான்
ஒளிந்து பிழைக்கிறோம்.

சட்டையில் நிஹெய் போய்
ஹதகேயாமா என்று பெயர்ப்பட்டை வந்ததும்
டெப்போவில் கைதட்டினார்கள்.
ஓகுரா ஓர் உறையை நீட்டினார்,
கல்யாணத்துக்கு மட்டும் போடும் முடிச்சோடு.
ஒரு வார்த்தை சொல்லவில்லையே!
மாப்பிள்ளை என்ன செய்கிறார்?
மருந்துக்கடையில், என்றேன்.
அதில் பொய் இல்லை.
உறையை வாங்கிக்கொண்டேன்.
அதில் இருந்தது.

வீட்டில் எல்லாம் விளையாட்டாயிற்று.
மகளே, குப்பையை வெளியே வை.
அம்மா, முதுகு தேய்த்துவிடு.
தாயும் பிள்ளையுமானாலும்
வாயும் வயிறும் வேறு என்பார்கள்.
அவள் வயிற்றுத் தழும்பு
எந்த இடத்தில் வளைகிறதென்று
இருட்டிலும் என் விரலுக்குத் தெரியும்.
அந்த வழியாக நான் பிறக்கவில்லை.

பிறகு ஒரு மார்ச் மாதம்
சப்போரோ நீதிமன்றம் சொல்லிவிட்டது,
எங்களைப் போன்றவர்களுக்குத் திருமணம் மறுப்பது
அரசியல் சாசனத்துக்கு ஒவ்வாது என்று.
சட்டம் மாறவில்லை. மாறலாம் என்றார்கள்.
கணவாய் அலசிக்கொண்டிருந்தவள்
குழாயை மூடினாள்.
ஈரக் கையோடு வந்து
ரேடியோவின் முன்னால் நின்றாள்.

வக்கீலம்மா போனில் நிதானமாகத்தான் பேசினார்.
தத்தை முறிக்கலாம், அது வெறும் படிவம்.
ஆனால் ஒருமுறை தாயும் மகளுமாக இருந்தவர்கள்
முறித்த பிறகும் மணந்துகொள்ள முடியாது.
சட்டம் நாளைக்கே வந்தாலும்
இப்போதுள்ள விதி அப்படி.
ஒழுக்கத்துக்காக எழுதியது.
யாருடைய ஒழுக்கம் என்றேன்.
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது.

அன்று இரவு என்னை மகளே என்று அவள் கூப்பிடவில்லை.
உப்பு, என்றாள்.
எடுத்துக் கொடுத்தேன்.
ஞாயிற்றுக்கிழமை அது. மறக்காமல்
நீலப் புட்டியைத் திறந்தாள்.
சுண்டுவிரலில் தொடங்கி, பேசாமல்,
ஒன்றுவிடாமல் பத்தும்.
காய்கிறவரை எதையும் தொடாதே.
தொட்டேன்.

அதிகாலை ஐந்தரைக்கு
கையுறையை மாட்டிக்கொண்டே பார்த்தேன்:
தூங்குகிறவளின் கழுத்தில்
ஒரு நீலக் கீற்று,
காய்ந்து போய்.