நான்கு டன் கடல்

நீளம் எட்டு மீட்டர், அகலம் நான்கு,
ஆழம் ஒரு சாண்கூட இல்லை.
வெள்ளி இரவு ஓல்டன்பர்க் கண்காட்சிக் கூடத்தில்
தீயணைப்புக் குழாயைத் திருகிக்
கடலை இறக்கினோம்.
கடல் வந்து சேர மூன்று மணி நேரம்.
அதுவரை ஹில்கோ கரையில் உட்கார்ந்து
முட்டை ரொட்டி தின்றான்.
கரை என்றால்
நீலத் தார்ப்பாய் போர்த்திய மரச்சட்டம்.

சனிக்கிழமை கதவு திறந்தது.
எங்கள் இழுவைப் படகுகள் மூன்றும் சேர்ந்து
ஒரு சரக்குக் கப்பலை முட்டி முட்டி
செருப்புப் பெட்டியளவு துறைமுகத்தில் சேர்த்தன.
இரண்டு பேர் கைதட்டினார்கள்.
"எவ்வளவு வேகம் போகும்?" என்றார் ஒருவர்.
"மெதுவாக" என்றாள் கெஷே.
அவருக்குக் கேட்கவில்லை போலும்.
"மிக மெதுவாக" என்றாள், உரக்க.
அவளுடைய விளக்குக் கப்பலின்
சமையலறைச் சன்னலுக்குள் ஒரு வாணலி இருக்கிறது.
அதில் மீன் உண்டா என்று
முழங்காலிட்டு எட்டிப் பார்த்தாள் ஒரு சிறுமி.
"உண்டு. கருகிவிட்டது."

பக்கத்து மேசை ரயில்காரர்களுடையது.
அவர்கள் ஊரில் ஓர் ஆறு ஓடுகிறது.
ஓடுகிறது என்றா சொன்னேன்?
பிசின் ஊற்றிக் காயவைத்த ஆறு.
நடுவில் ஒரு படகு, இடுப்புவரை ஒட்டப்பட்டு,
துடுப்பு பாதி வீச்சில்.
வருடா வருடம் ஹில்கோ போய்ப் பார்த்துவிட்டு வந்து
"பாவம்" என்பான்.
ரயில்காரர் தலைவர் ஃபோல்கெர்ட்
எங்கள் தொட்டியைப் பார்த்து
"ஈரம்" என்பார்.
பன்னிரண்டு வருடப் பகை,
மொத்தம் இரண்டு சொல்.

ஞாயிறு, பதினொன்றரை மணி.
தொட்டிக்குப் பொறுப்பு நான்,
ஆகவே இதைக் கொஞ்சம் மெல்லச் சொல்கிறேன்:
வடக்கு மூலையில் ஓர் ஆணி.
அடித்ததும் நான்தான்.
கடல் யாரையும் கேட்காமல் இறங்கி
ரயில்காரர் மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது.
அங்கே மின்பெட்டி.
டக்.
தேவாலயம் அணைந்தது, மதுக்கடை அணைந்தது,
விரைவு ரயில் பாலத்தின் நடுவில் நின்றது,
நேர் கீழே
அந்தப் படகுக்காரன்.

ஃபோல்கெர்ட் வந்தார், காது வரை சிவந்து.
நான் வாளியோடு நின்றேன்.
பல் மருத்துவர் ட்யார்க்
தன் தீயணைப்புப் படகைத் தூக்கி வந்து
மேசைக்கடியில் பக்கவாட்டில் கிடத்தினான்;
மிதக்க அங்கே ஆழம் போதாது.
அதன் குழாய் என் வாளிக்குள்
விசுவாசமாகப் பீய்ச்சத் தொடங்கியது.
"நிமிடத்துக்கு முக்கால் லிட்டர்" என்றான்,
"கடல் முழுக்க வந்தாலும்
வியாழன் விடிவதற்குள் முடித்துவிடும்."

ஃபோல்கெர்ட் சிரிக்கவில்லை.
போய் ஒரு பெட்டியோடு வந்தார்.
பழைய ரயில் கால அட்டவணைகளை அடுக்கிக் கொடுத்து
மூலையை உயர்த்தினார்.
கெஷேயின் கழுத்துத் துணியால் துடைத்தார்.
ஆற்றுக்கு ஊற்றிய அதே பிசினைக்
கிழிசலில் ஊற்றினார்.
"பிடி. நாற்பது நிமிடம்."

இரண்டு பேரும் மண்டியிட்டுப்
பெருவிரல் பக்கத்தில் பெருவிரலாக
ஒரு கடலைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.
அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் கால்சட்டை
முழங்கால்வரை நனைந்திருந்தது.
ஈரம் என்று அவர் சொல்லவில்லை.
பதினைந்தாம் நிமிடத்தில் நான் கேட்டேன்:
"உங்கள் படகுக்காரன் எங்கே போகிறான்?"
"எதிர்க்கரைக்கு."
கொஞ்ச நேரம் கழித்து:
"பத்தொன்பது வருடமாக."
யாரோ மின்சாரத்தைத் திருப்பினார்கள்.
ரயில் ஒருமுறை தும்மிவிட்டுப்
பாலத்தைக் கடந்தது.

மாலை ஆறு மணிக்குக் கூடம் காலியானது.
வந்ததைவிட வேகமாகச்
சாக்கடைக்குள் போனது கடல்.
தார்ப்பாயின் அடியில் கிடந்தவை:
ஒரு காதணி,
இரண்டு சென்ட்,
யாருடையதென்று தெரியாத ஒரு மாலுமி,
விரல் நக உயரம்.
மடிக்கத் தொடங்கினோம்.
அந்த மூலை மட்டும் மடியவில்லை.
கண்ணாடிபோல் இறுகிய ஒரு துண்டு நீர்,
அதில் இரண்டு ரேகை.
"வெட்டிவிடலாமா?" என்றான் ஹில்கோ, கத்தியோடு.
வேண்டாமென்று நான் சொன்னதாக நினைவில்லை.
அதை விட்டுச் சுற்றி மடித்தோம்,
வண்டியில் கோணலாக ஏறியது.