மாதிரி எண் பதினேழு

தார்த்துவில் காலை எட்டு மணிக்கும் இருட்டு.
குளிர்பெட்டியிலிருந்து எடுக்கிறேன்
ஓர் உலோக முழங்காலை. இடது.
யாருடையது என்று எனக்குத் தெரியக் கூடாது.
தெரியும். அவரே எழுதிவிட்டார்:
"ஆய்வு முடிந்ததும் திருப்பித் தரவும்.
நல்ல கனம். தூண்டிலுக்குக் குண்டாகும்.
அய்வார், பெய்ப்சி ஏரிக்கரை."
என்னைவிட ஆறு வயது இளையவர்.

நாலு வருடம் அவரைத் தாங்கியது.
ஐந்தாம் வருடம் அதில் குடியேறின
தனியே வந்தால் ஒரு மாத்திரைக்குத் தாங்காத கிருமிகள்.
கூடியதும் சர்க்கரையையும்
செத்தவற்றின் மரபிழையையும் குழைத்து
சளியில் மதில் எழுப்பிக்கொண்டன.
விடிகாலையில் பல்லை நாக்கு தடவ வழவழக்குமே,
அதன் பங்காளி.
மூன்று மருந்துகள் வாசலில் நின்று கூப்பிட்டுத் திரும்பின.
பிறகு முழங்காலையே கழற்றினார்கள்.

என் வேலை சின்னது.
மயிரிழையின் அகலத்தில்
ஆயிரம் வரிசைகட்டும் இரும்புத் துகள்கள்;
அவற்றின்மேல் நொதி பூசுகிறேன்.
கொல்லத் தெரியாது அதற்கு.
மதிலில் ஓடும் இழையைக் கண்ட இடத்தில் நறுக்கும், அவ்வளவே.
வெறுமனே ஊற்றினால் அரை நாளில் சோர்ந்துவிடும்.
துகளைப் பற்றிக்கொண்டால் நிற்கிறது,
காந்தம் காட்டிய பக்கம் நடக்கிறது.

முதல் முறை துகள்கள் கட்டிதட்டின,
அடிபிடித்த கஞ்சிபோல.
இரண்டாம் முறை நொதி தலைகீழாக ஒட்டியது,
வாய் துகளின் பக்கம்.

இன்று மூன்றாவது.
உயிருள்ளது பச்சை, செத்தது சிவப்பு.
பத்து மணிக்கு முழுக்கப் பச்சை.
நண்பகலில் பச்சையில் கிழிசல்.
வாசலில் நின்று திரும்பிய அதே பழைய மருந்தை
அந்தக் கிழிசலில் விட்டேன்.
மூன்று மணிக்குச் சிவப்பு, சிவப்பு,
உட்புறப் பள்ளத்தில் மட்டும்
ஒரு பச்சைத் துளி.
அந்த மூலையை விட்டுப் படமெடுக்கலாம்.
எடுக்கவில்லை.

மாலை அவரை அழைத்தேன். பனிமேல் இருந்தார், காற்று இரைந்தது.
"உலோகம் கிடைக்காது. எரிப்போம், விதி."
"பொறுங்கள், துளை மூடுகிறது" என்றார்.
கரண்டி பனியை அள்ளும் சத்தம்.
"என் புது முழங்காலுக்கு இதைப் போடுவீர்களா?"
"இல்லை. இன்னும் தட்டில்தான். ஆளுக்கு வர வருடங்கள்."
"பொறுங்கள்."
மறுபடி கரண்டி.
"அப்ப குண்டுக்கு வேற வழி பாக்கணும்" என்று சிரித்தார்.
நான் ஏதோ சொல்ல வந்தேன்.
மறுபடி கரண்டி.

விளக்கணைக்கும் முன் குறிப்பேட்டில்
நாளைய பக்கத்தில் எழுதினேன்:
எண் பதினேழு. காலை ஒன்பது.
நொதி, இரண்டாம் வேளை.