மாட்டு மருத்துவமனையில் ஒரு பூட்டு

கனோலா அறுத்து முடித்த வயலில்
கருவி இரண்டு குரலில் கத்தியது.
இரும்புக்கான உறுமல்,
அதற்குள்ளேயே
பித்தளைக்கான மெல்லிய கீச்சு.
வெர்னா டிக் மண்டியிட்டாள்.
ஒரு சாண்கூட இல்லை.

வந்தது மண்கட்டி.
ஆப்பிளைவிடச் சிறியது, ஆனால் கனம்.
கொண்டி பூட்டியபடியே இருந்தது.
சங்கிலியின் இரண்டே கண்ணிகள்
அதைப் பிடித்திருந்தன,
பேருந்து நின்ற பிறகும்
கம்பியை விடாத கைகள்போல.

சஸ்காட்செவனில் அக்டோபர்.
மண் உறைவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும்.

சுத்தியல் கூடாது. கம்பிப் பிரஷ் கூடாது.
சோடாத் தண்ணீரில் மின்சாரம் விடுவது
வெறும் இரும்புக்குச் சரி;
இதன் நெஞ்சிலோ பித்தளை.
மூங்கில் குச்சி, பழைய பல் பிரஷ்,
காய்ச்சி வடித்த நீர்.
நீரை மாற்றி மாற்றிப் பதினோரு நாள்.
"ரொட்டிச் சட்டி எனக்கு எப்போது திரும்பக் கிடைக்கும்?"
என்று கோர்னி கேட்டது ஆறாம் நாள்.

சாவித்துளையை மூடும் சின்ன நாக்கு
களிம்பு கழிந்து மூன்று எழுத்துச் சொன்னது.
நடு எழுத்து தேய்ந்துபோனது.
ரயில்வேயா, பள்ளி வாரியமா?
ரயில்வேப் பூட்டென்றால்
அடியில் சங்கிலி மாட்ட ஒரு காது இருக்கும்.
இதற்கு இல்லை.
ரிவெட் ஆறு. தேதி இல்லை.
துளைக்குள் குச்சி போகவில்லை,
எதுவோ அடைத்திருக்கிறது.

அந்த ஊரில் எக்ஸ்ரே
மாட்டு டாக்டரிடம் மட்டும்தான்.
நொண்டும் கன்றுக்கும்
சாக்ஸ் விழுங்கிய நாய்க்கும் நடுவே
டாக்டர் ஹ்ரிட்சக்
பூட்டை மேசைமேல் படுக்கவைத்தார்.
"பெயர்?" என்றாள் பதிவேட்டுப் பெண்.
"பூட்டு."
"வயது?"
"அதைக் கேட்கத்தான் வந்தேன்."

இரண்டு படம் வெறும் இருட்டு.
மூன்றாவதில்
நான்கு நெம்புகள், ஒரு வில்,
நடுவில் பல்லோடு முறிந்த சாவித்துண்டு.
பாதி திரும்பியிருந்தது.

திறக்கத் திருகினார்களா,
அடைக்கத் திருகினார்களா?
எலும்பு முறிவென்றால்
எந்தப் பக்கம் விழுந்தது என்று சொல்லிவிடுவாராம் டாக்டர்.
இதில் தெரியவில்லை.

கண்ணிகளின் ஓரத்தில் அரம் ஓடிய சாய்வு.
ஆக, சங்கிலியை அறுத்தார்கள்.
உள்ளே போனார்கள்.
அல்லது வெளியே வந்தார்கள்.
கதவு எதுவென்று அந்த வயலில் ஒருவருக்கும் தெரியாது.

பூட்டு:
பெயரும் அதுவே, ஏவலும் அதுவே.
இத்தனை காலம்
உழவின் கீழே கிடந்து
தனக்குத்தானே சொல்லிக்கொண்டு
தானே கீழ்ப்படிந்தும் வந்திருக்கிறது.

"ஒரு சொட்டு எண்ணெய், ஒரு கொக்கி,
அரை மணி நேரத்தில் திறந்துவிடுவேன்" என்றான் கோர்னி.
வெர்னா அடுப்பை மூட்டினாள்.
மெல்லிய சூட்டில் உலர்த்தி,
இரும்புக்கு மட்டும் டானின் பூசி,
அது கறுத்த பிறகு
மெழுகை உருக்கித் தடவினாள்.
துளையை மெழுகு அடைக்காமல்
நாக்கைச் சுண்டுவிரலால் தள்ளிப் பார்த்தாள்.
அது அசைந்தது.

அட்டையில் எழுதியது:
ரெம்பல் பண்ணை, தென்மேற்கு மூலை.
நிலை: பூட்டியது.
சாவி: உள்ளே.

அடியில் மடித்து வைத்த ரசீது,
நாற்பது டாலர்.
இனம் என்ற கட்டத்தில்
அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு
"மற்றவை" என்று குறித்திருக்கிறாள்.