நாலு குவார்ட்டர்

என் அறையில் எல்லாமே ரப்பர்.
ரப்பர் இட்லி, ரப்பர் வாழைப்பழம்,
பாதி வெட்டிய ரப்பர் முட்டை.
ஒரு இட்லியில் பல் தடம் இருக்கிறது.
போன வருஷம் வந்த குழந்தையுடையது.
என் பேச்சை அப்படியே நம்பியது
அது ஒன்றுதான்.

கதவில் 'உணவியல் நிபுணர்' என்று பலகை.
வருகிறவர்களுக்கு நான் சாப்பாட்டு டாக்டர்.
டாக்டர் இல்லை என்று திருத்துவதை
மூன்றாம் வருஷத்தோடு விட்டுவிட்டேன்.

தேசப்பன் வந்தது சித்திரையில்.
கொருக்குப்பேட்டையில் தண்ணீர் கேன் போடுகிறவர்.
தோளில் இருபது லிட்டர், கையில் இருபது லிட்டர்,
லிஃப்ட் இல்லாத மூன்று மாடி.
இப்போது வாரம் இரண்டு நாள்
மெஷினோடு படுத்துக் கிடக்கிறார்.
அவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே வாக்கியம்:
ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி தண்ணீர்.
ஃபைலைப் பார்த்தபடியே சொன்னேன்.

'மில்லின்னா எனக்கு இன்னா தெரியும்மா?'

என்னிடம் ரப்பரில் தம்ளர் இல்லை.
'குவார்ட்டர் தெரியுமா?' என்றேன்.
வரிசை மொத்தமும் நிமிர்ந்து உட்கார்ந்தது.
'அத்த வுட்டு ஆறு வருஷமாச்சு.'
'பாட்டில் போதும். நல்லாக் கழுவி வச்சுக்கங்க.
காலையில நாலு தடவை அளந்து ஊத்தி வைங்க.
அன்னைக்கு முழுக்க அவ்வளவுதான்.'
'நாலு குவார்ட்டர் எழுதிக் குடுத்தாங்கன்னா
எவன் நம்புவான்?'
சிரித்தார். சிரிக்கையில் உதடு வெடித்திருந்தது.

நாலு நூற்றெண்பது, எழுநூற்று இருபது.
அந்த இருபது மில்லியை
நான் எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

ரசமும் தண்ணீர்தான், மோரும் தண்ணீர்தான்.
தர்பூசணி, தோல் போர்த்திய தண்ணீர்.
இளநீர் பக்கமே போகக் கூடாது.
'அழுதா?' என்றாள் கூட வந்த கன்னியம்மா.
'அழுதா, அந்த அளவு சேத்துக் குடிக்கலாமா?'
எனக்குப் பதில் வரவில்லை.
பாடத்தில் அது இல்லை.

காய்கறியை நறுக்கி, வேகவைத்து,
வடித்துக் கொட்டச் சொன்னேன்.
'சத்தெல்லாம் பூடுமே!'
போகத்தான் வேண்டும்.
ஒன்பது மணிக்குக் கர்ப்பிணிகளிடம்
வடிக்காதீங்க என்று கெஞ்சியவள்
பதினொரு மணிக்கு இப்படிப் பேசுகிறேன்.
அதே முருங்கைக்கீரை.
அவளுக்கு ரத்தம் ஊற வேண்டும்,
இவருக்கு நெஞ்சு நின்றுவிடக் கூடாது.
கீரைக்கு இதெல்லாம் தெரியாது.
அதற்காகத்தான் எனக்கு அரசாங்கம் சம்பளம் தருகிறது.

ஆடியில் ஒரு திங்கட்கிழமை
தராசு மூன்றரைக் கிலோ கூடுதலாகக் காட்டியது.
எல்லாம் தண்ணீர். கால் வீங்கி, மூச்சு இழுத்து,
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.
'அம்மனுக்கு ஊத்துன கூழும்மா.
வாணாம்னு எப்டி சொல்றது?'

திட்டினேன். எல்லோர் எதிரிலும்.
திட்டு எந்த உணவுப் பட்டியலிலும் இல்லை,
யாருக்கும் செரித்ததாகவும் தெரியவில்லை.
அன்று ராத்திரி தட்டின் முன்னால்
கை காயும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த முறை அவர் சீட்டை வாங்கி
அச்சடித்த கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில்,
பேனாவால் எழுதினேன்:
ஆடி ஞாயிறு. கூழ் ஒரு குவார்ட்டர்.
ரசம் இல்லை, மோர் இல்லை. கருவாடு, முகர மட்டும்.
மீதி மூன்று.
படித்துக் காட்டச் சொல்லி
இரண்டு முறை கேட்டார்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது அவர் மகன் கேன் தூக்குகிறான்,
இவர் வண்டியில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறார்.
போன வியாழன் என் அறைக்கு ஒரு கேன் வந்து இறங்கியது.
காசு வாங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.
நானும் விடவில்லை. முப்பது ரூபாய்.

அவர் முன்னால் நான் தண்ணீர் குடிப்பதில்லை.
வராண்டா மூலைக்குப் போய்,
திருடியதைப் போலக் குடித்துவிட்டு வருவேன்.
இன்று எழப் போனவளைக் கையமர்த்தினார்.

'இங்கியே குடிம்மா.
காத்தாலேர்ந்து பேசிகினே கீற.'

குடித்தேன்.
அவர் என் தொண்டையைப் பார்க்கவில்லை,
கதவுக்கு வெளியே தலையை எண்ணிக்கொண்டிருந்தார்.
'இன்னும் பன்னெண்டு பேர் கீறாங்க.'