முப்பதை அடித்து

காவேரிப்பட்டணம் பைபாஸில்
பஞ்சர் கடைக்கு மேல்மாடி.
வாடகை ஆயிரத்து இருநூறு, கரண்ட் தனி.
சித்திரை வெயில் முழுவதையும் தகரக் கூரை
எங்கள் தலையில் இறக்கி வைத்திருந்தது.

நான் பொருளாளர்.
மாங்கூழ் ஃபேக்டரியில் பாய்லர் பக்கம் நிற்கிறவள்.
கூட்டல் தப்பாமல் போடுவேன் என்பதைத் தவிர
இந்தப் பதவிக்கு வேறு தகுதி இல்லை.

எழுந்து வாசித்தேன்.
நைட் ஷிப்ட் வழக்குக்கு வக்கீல் ஃபீஸ் ஒன்பதாயிரம்.
சேலம் கோர்ட்டுக்குப் பதினொரு தடவை பஸ்,
அதில் ஏழு தடவை வாய்தா.
ஷாஹீனின் விரல் மெஷினில் போன அன்று
ஆட்டோ, தையல், ஊசி.
டீ.
டீ என்றதும் பின்வரிசையில் ஒரு சிரிப்பு,
'எனக்கு வரலையே' என்று ஒரு குரல்.
சந்தா கட்டியவர்கள்
ஆனியில் நூற்று இருபத்தாறு பேர்,
மார்கழியில் ஒன்பது பேர்.
கையிருப்பு நானூற்றுப் பதினாறு.
அதிலும் ஒரு நூறு கிழிந்த நோட்டு.

தீர்மானம் மூன்று:
மாதச் சந்தா முப்பதிலிருந்து ஐம்பது.

யாரும் பேசவில்லை.
கீழே லாரி டயருக்குக் காற்று ஏறிக்கொண்டிருந்தது.
செயலாளர் முனிரத்னம் தொண்டையைச் செருமி
உரிமை என்றார், ஒற்றுமை என்றார்.
ஈரச் சுவரில் ஒட்டிய போஸ்டர் மாதிரி
அவை ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன.

திம்மக்கா எழுந்தாள்.
தோல் சீவும் லைனில் பதினெட்டு சீசன்.
கோபம் வந்தால் அவள் தமிழுக்கு நடுவில்
தெலுங்கு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும்.
"சீசன்ல கேளு, தர்றேன்.
ஆடி வந்தா கேட்டுல பூட்டு.
அப்புறம் ஒம்போது மாசம்
நான் எந்தக் கம்பெனி ஆளு?
கல்லு சுமந்து வர்ற கூலியில
மாங்காய்க்குச் சந்தாவா?"

கை தட்டினார்கள். நானும் தட்டியிருப்பேன்,
கையில் கணக்கு நோட்டு இருந்தது.

"கம்பெனி வக்கீலுக்கு சீசன் கிடையாதுக்கா" என்றேன்.
அவள் என்னைப் பார்த்தாள்.
நியாயம்தான் என்று முகம் சொன்னது,
இருபது ரூபாய் எங்கே என்று கண் கேட்டது.

அப்போது ஜன்னலோரம் இருந்து கோவிந்தி,
இதுவரை ஒரு கூட்டத்திலும் வாய் திறக்காதவள்,
"சீசன்ல அம்பது, மத்த மாசம் பத்துன்னா?"

முனிரத்னம் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்.
அதில் எங்கும் மாங்காய் என்ற சொல்லே இல்லை.
பிறகு சந்தையில் மாட்டுக்கு விலை பேசுவதுபோல
பத்து, இருபது, பன்னிரண்டு,
அரை மணி நேரம்.
பதினைந்தில் நின்றது.

கை தூக்கச் சொன்னோம்.
மாம்பால் பட்டு வெந்த கைகள்,
நகக்கண்ணில் கறுப்பு.
எண்ணுவது என் வேலை.
ஷாஹீன் கையில் விரல் நாலுதான்.
ஒரு கை என்று எண்ணிக்கொண்டு அடுத்ததற்குப் போனேன்.

ஆதரவு எழுபத்து நான்கு.
எதிர்ப்பு நாற்பத்தொன்று.
கையை மடியிலேயே வைத்துக்கொண்டவர்கள் பதினொன்று.

எல்லோரும் செருப்பு தேடும் நேரத்தில்
திம்மக்கா என் மேஜைக்கு வந்தாள்.
எதிர்த்துத் தூக்கிய அதே கையால்
செல்போன் கவருக்குள்ளிருந்து
நாலாக மடித்த ஐம்பதை எடுத்து வைத்தாள்.
"தோத்துட்டேன் இல்ல. ரசீது போடு."

ரசீதில் முப்பது என்று அச்சடித்திருக்கிறது.
இன்னும் இரண்டு கட்டு பாக்கி.
புதுசு அடிக்க அறுநூறு ஆகும்,
அதற்குத் தீர்மானம் போடவில்லை.
முப்பதை அடித்து மேலே 50 என்று எழுதி
பக்கத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

வாங்கவில்லை.
"எழுத்துல எழுது.
நாளைக்கு எவனாவது ஒரு சைபர் சேத்துருவான்."

எழுதினேன்.
மகர மெய்க்கு நான் புள்ளி வைக்கிற வரைக்கும்
மேஜை விளிம்பைப் பிடித்தபடி
நின்றுகொண்டிருந்தாள்.